காந்தி காசில் ஒரு பெருவிரல்

திருக்கோகர்ணம் ஆவுடையப்பனிடம் எத்தனையோ காசுகள் இருந்தன. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசில் தொடங்கி ஜார்ஜ் மன்னர் ரூபாய் வரை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் அவருக்கு முழுசாகச் சொந்தமில்லை. அதில் பாதிதான் அவருடையது. மறுபாதி கோட்டைப்பட்டினம் ஜைனுதீனுடையது.

அது காந்தி நூற்றாண்டுக்கு வெளிவந்த வெள்ளிப் பத்து ரூபாய். அந்தக் காசு ஒரு காலத்தில் பல வீட்டுப் பெட்டிகளில் கிடந்ததுதான். ஆனால் இது கடைவீதிக்கு வந்த காசு இல்லை. சேகரிப்பவர்களுக்கென்று நாணயச்சாலையில் மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தது. காந்தியின் தலை எழும்பி நிற்க, சுற்றியிருந்த வெற்றிடம் அப்படியே கண்ணாடி. குனிந்தால் பார்ப்பவர் மூக்கு அதில் தெரியும்.

இருவரும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பி.ஏ. சரித்திரம் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ஜைனுதீன் திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆவுடையப்பன் காலைப் பலகாரம் முடிந்ததும் அங்கே போய்விடுவார். போர்வையைத் தரையில் விரித்து, அவரவர் காசுகளைக் கொட்டி, மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை கீழ்வீட்டுக்கு வந்த ரேகைக்காரர் ஒருவரிடம் ஜைனுதீன் விளையாட்டாகக் கையை நீட்ட, பத்து விரலிலும் ரேகை சக்கரமாகச் சுற்றியிருக்கிறது, ராஜ யோகம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வகுப்பே ஜைனுதீனை ராஜா என்றுதான் கூப்பிட்டது. ஆவுடையப்பனுக்குப் பெருவிரல் இரண்டிலும் சுழி மூடாத சங்கு. அதை யாரும் கேட்கவில்லை.

காந்தி காசை அவர்கள் கண்டது காரைக்குடியில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டில். அவர் தன் காசுகளையெல்லாம் விற்றுவிட்டு மகளோடு பம்பாய்க்குப் போகவிருந்தார். ஒருவரால் வாங்க முடியாத காசு. வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் சேந்து வாங்கிருவோம்டா" என்றார் ஜைனுதீன்.

"வாங்கி? ஒடச்சு ஆளுக்குப் பாதி வச்சுக்கிறதா?"

"ஆறு மாசம் ஒங்கிட்ட, ஆறு மாசம் எங்கிட்ட."

அப்படித்தான் அது நடந்தது. அடுத்த வருஷமே ஜைனுதீனின் அத்தா இறந்துபோனார். படிப்பு பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன மீன்பிடிப் படகோடு கொஞ்ச நாள் அல்லாடிவிட்டு, ஜைனுதீன் சவுதிக்குப் போனார். டைல்ஸ் ஒட்டும் வேலை. ஆனால் காசு மட்டும் தன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஜைனுதீன் முறை வந்ததும் ஆவுடையப்பன் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அறந்தாங்கி பஸ் பிடித்து, அங்கே இறங்கிக் கோட்டைப்பட்டினம் பஸ் ஏறி, ஜைனுதீனின் மனைவி அஜீசாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுவாள். ஆறு மாதம் கழித்துப் போய் வாங்கிவருவார். காசின் உடையவர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது அந்தப் பெட்டியில் அது கிடந்து யாருக்கு என்ன லாபம் என்று ஆவுடையப்பனின் மனைவி உண்ணாமலை ஒருமுறை கேட்டாள்.

"அவன் முறைடி" என்றார் ஆவுடையப்பன்.

ஜைனுதீன் முதல் லீவில் வந்தபோது இருவரும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து காசின் உறையைப் பிரித்தார்கள். காந்தி தலைக்குப் பின்னால், கண்ணாடி போன்ற வெற்றிடத்தில், பழுப்பாக ஒரு கறை. சாய்த்துப் பார்த்தால் விரல் பதிந்த தடம். வெள்ளியில் விரல் பட்டால் அன்றைக்கே தெரியாது. விரலின் வியர்வையும் எண்ணெயும் மெள்ள மெள்ள உள்ளே இறங்கி, வருஷக் கணக்கில்தான் நிறம் காட்டும். அதனாலேயே சேகரிப்பவர்கள் காசை விளிம்பில் மட்டும் பிடிப்பார்கள். இது இருவருக்கும் தெரியும். அப்படித்தான் பிடித்ததாக இருவரும் சத்தியம் செய்தார்கள்.

"இது ஒன் வெரலுடா."

"என் வெரலா? நான் சவுதியில இருந்து கைய நீட்டித் தொட்டேனா? தொட்டது நீதான்" என்றார் ஜைனுதீன்.

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை வளர்ந்தது. ஜைனுதீன் காசைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார். அந்த முறை காசு கோட்டைப்பட்டினம் போகவில்லை. அடுத்த லீவில் பேரீச்சம்பழப் பெட்டியோடு ஜைனுதீன் வாசலில் வந்து நின்றார். ஆவுடையப்பன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். விரல் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு இருவருமே எடுக்கவில்லை. எடுக்கவில்லையே தவிர, அதன் மேல் கண் போகாமல் ஆவுடையப்பனால் ஒருநாளும் அந்தக் காசைப் பார்க்க முடிந்ததில்லை. வயதாக ஆக அவருக்குக் கண் மங்கியது. கறை மட்டும் கருத்துக்கொண்டே வந்தது.

இந்த வருஷம் சேகரிப்பாளர் சங்கத்துக்காரர்கள் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைப்பதாக முடிவு செய்தார்கள். சங்கத்தின் செயலாளர் அரவிந்த்குமார், முப்பது வயது தாண்டாத பையன், ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தான். ஆவுடையப்பன் காட்டிய காந்தி காசைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது.

"சார், நடு மேசையில இதத்தான் வைக்கிறோம். ஆனா இந்தக் கைரேகைதான் சார்..."

கம்ப்யூட்டரில் சொருகிய சின்ன மைக்ராஸ்கோப்பைக் காசின் மேல் பிடித்தான். திரையில் கறை பெரிதாக விரிந்தது. இத்தனை வருஷம் அழுக்காக மட்டுமே தெரிந்தது, கோடு கோடாக, ஒன்றைச் சுற்றி ஒன்றாக, நடுவில் ஒரு புள்ளியைக் கட்டிக்கொண்டு நின்றது. சக்கரம். ஆவுடையப்பன் தன் பெருவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். தன் விரலில் இருந்தது சங்கு, திரையில் இருந்தது ராஜாவின் சக்கரம்.

"தம்பி, இத என் போன்ல ஒரு படம் எடுத்துக் குடுங்க."

அரவிந்த்குமார் படத்தை அனுப்பிவிட்டு இரண்டு சின்னப் பாட்டில்களை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"இது அசிட்டோன் சார். எண்ணெய்ப் பசைய மட்டும் எடுக்கும், வெள்ளியத் தொடாது. ஆனா இவ்வளவு பழைய ரேகை இதுல போகாது, உள்ள எறங்கிருச்சு. இது இன்னொரு மருந்து. இதுல ரெண்டு செகண்டு முக்கி எடுத்து, காய்ச்சி வடிச்ச தண்ணியில அலசுனா ரேகை போயிரும்."

"காசுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "மேல்தோல்ல கொஞ்சம் போகும் சார். கருத்துப்போன வெள்ளியத்தான அது அரிச்சு எடுக்குது. சில பேரு கழுவக் கூடவே கூடாதும்பாங்க. சில பேரு ரேகையோட இருந்தா கையிலயே வாங்க மாட்டாங்க. ஒங்க காசு, நீங்கதான் முடிவு பண்ணணும்."

வீட்டுக்கு வந்து ஆவுடையப்பன் இரண்டு பாட்டில்களையும் அலமாரியில் வைத்தார். உண்ணாமலை எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிதான? குத்துவெளக்குக்குப் போடுற மாதிரி புளியும் திருநீறும் வச்சுத் தேச்சா போகாதா?"

"ஐயோ, அந்தப் பக்கமே போயிராத."

"நான் ஏன் போறேன்? ஆமா, பாதி அந்த அண்ணனோடதுல்ல? கேக்காம எப்படிக் கழுவுவீங்க?"

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் ஆவுடையப்பனுக்கு இதைப் போனில் சொல்லி வீணாக்க மனசில்லை. மறுநாள் காலை, காசையும் பாட்டில்களையும் பூதக்கண்ணாடியையும் ஒரு ரெக்ஸின் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அறந்தாங்கி வரைக்கும் அவர் மனசுக்குள் ஜைனுதீனோடு பேசிக்கொண்டே வந்தார். முதலில் போனை நீட்ட வேண்டும். இது என்ன தெரியுதா என்று கேட்க வேண்டும். சக்கரம்டா என்று அவன் சொல்லுவான். அப்புறம் என் விரலை நீட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் என்னைத்தானே சொன்னாய், இப்போது சொல்லு ராஜா. இதை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் இருந்தது.

கோட்டைப்பட்டினத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது ஜைனுதீன் வீடு. வாசலில் ஆள் இல்லை. கதவைத் தட்டுவதற்குள், ரேஷன் பையோடு அஜீசா தெருமுனையில் வருவது தெரிந்தது. பின்னால் வெறுங்கையோடு ஜைனுதீன். அவர் சவுதியை விட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாடி முழுக்க வெளுத்து, முதுகு லேசாகக் கூனியிருந்தது.

"வாங்கண்ணே, அண்ணியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் அஜீசா.

"என்னடா இது, பொம்பளயச் சொமக்க விட்டுட்டு நீ கைய வீசிட்டு வார?"

"பைய அவ தர மாட்டேங்குறா. மிஷின்ல கை வச்சது அவதானாம். அரிசிக்கு அவதான் சொந்தக்காரியாம்."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்து டீ வந்த பிறகுதான் ஆவுடையப்பன் கேட்டார்.

"ஒன் கை வச்சா என்னவாம்?"

"எடுக்க மாட்டேங்குதுடா. எந்த வெரல வச்சாலும் செவப்பு லைட்டுதான். ஆதார்ல புதுசாப் பதியலாம்னு போனேன், அங்கயும் இதே கததான். அந்தப் பிள்ள தொடச்சு தொடச்சு வச்சுப் பாத்துச்சு. கடைசியில, 'ஐயா, ஒங்களுக்கு ரேகையே இல்ல'ன்னுச்சு." ஜைனுதீன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சிமெண்டு, கலவை, டைல்ஸ் கழுவுற ஆசிட்டு. அத்தன வருஷம். எங்கிட்டு இருக்கும் ரேகை?"

அவர் கையை நீட்டினார். ஆவுடையப்பன் அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். பெருவிரல் நுனி ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. வெடிப்புகள் இருந்தன, தழும்புகள் இருந்தன. கோடு ஒன்றுகூட இல்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அறந்தாங்கி வரைக்கும் மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை.

"என்னடா, டாக்டர் மாதிரி பாக்குற? நீ என்ன விஷயமா வந்த, அதச் சொல்லு. ஒன் முறை இன்னும் முடியலயே."

கண்காட்சி பற்றிச் சொன்னார். பாட்டில்களை எடுத்து வைத்தார். கறையை எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். போனில் இருந்த படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அஜீசா மீன் பொரிக்க அடுப்படிக்குப் போனதும், ஜைனுதீனே பையைத் துழாவிப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். காசை விளிம்பில் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"ஆவுடை."

"ம்."

"ஒனக்குப் பெருவெரல்ல சங்குதான?"

ஆவுடையப்பன் தன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"இது சக்கரம்டா."

"அஜீசாவோடதா இருக்கும்" என்றார் ஆவுடையப்பன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அல்லா மேல ஆணையா நான் அதத் திறந்ததே இல்லண்ணே. வேணும்னா பாருங்க." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பெருவிரலைக் காட்டினாள். சங்கு.

ஜைனுதீன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. தோள் குலுங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாண்டா. நானேதான். வாங்குன அன்னைக்கு ராத்திரி, நீ வீட்டுக்குப் போனப்புறம் எடுத்துப் பாத்தேன். எத்தன தடவன்னு இல்ல. எப்பத் தொட்டேன்னு சத்தியமா ஞாபகமில்ல. பஸ் ஸ்டாண்டுல ஒன்னப் போயி..."

"விடுறா. எந்தக் காலத்துக் கத."

"எனக்கு அப்ப இருபது வயசு இருக்குமா?" ஜைனுதீன் மறுபடி காசைத் தூக்கிப் பார்த்தார். "எப்படி இருக்கு பாரு. ஒரு கோடு அழியல. அங்க ஆதார் ஆபீசுல இதக் கொண்டுபோயிக் காட்டலாம் போலருக்கே."

அஜீசாவும் குனிந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தின காலத்துக் கணவரின் விரல் அது. அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். மீன் கொஞ்சம் தீய்ந்துவிட்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஜைனுதீன் கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, ஆரம்பிப்போம். கழுவிருவோம்" என்றார்.

ஆவுடையப்பன் திடுக்கிட்டார். "என்னத்துக்கு? இருந்துட்டுப் போகுது."

"நீதான கழுவணும்னு வந்த? அழுக்காக்குனது நான். இத்தன வருஷம் ஒன் கண்ண உறுத்திருக்கு. நடு மேசையில வைக்கிறேங்கிறாங்க, நல்லபடியா வைப்போம்."

"வேண்டாம்டா."

"என் பாதியில இருக்கிற கறை. நான் எடுக்கிறேன்."

ஆவுடையப்பன் காலையில் இதற்காகத்தான் பஸ் ஏறினார். இந்தக் கறை இல்லாமல் இந்தக் காசைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறார். இப்போது ஜைனுதீன் கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்து எடுத்து வருவதைப் பார்த்ததும் காசைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். முதல் பாட்டிலுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அசிட்டோனில் காசு கிடந்தது. எடுத்துக் காயவைத்துப் பார்த்தார்கள். மேலே படிந்திருந்த மங்கல் போய்க் காந்தி பளிச்சென்று ஆனார். கறை போகவில்லை. சுற்றி இருந்த அழுக்கு விலகியதில் சக்கரம் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தது.

ஜைனுதீன் இரண்டாவது பாட்டிலைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

"மொதல்ல வேற காசுல பாப்போம்டா" என்றார் ஆவுடையப்பன். எப்படியாவது கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஜைனுதீன் உள்ளே போய், அத்தா இடுப்புப் பெல்ட்டில் வைத்திருந்து பிறகு தனக்குக் கொடுத்த ஜார்ஜ் ரூபாயை எடுத்து வந்தார். ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரிந்த காசு. மாடி அறைப் போர்வையில் கிடந்த காலத்திலிருந்தே தெரியும். விளிம்பில் நீலமும் ஊதாவும் ஓடி, நடுவில் தேன் நிறமாகி, திருப்பத் திருப்ப மயில் கழுத்து போல மினுங்கும்.

"இதுலயா? வேற ஒண்ணு இல்லையா?"

"வெள்ளியில இது ஒண்ணுதான் மிச்சம்."

ஆவுடையப்பன் தடுப்பதற்குள் அது மருந்துக்குள் இறங்கிவிட்டது. ஜைனுதீன் உடனே எடுத்துத் தண்ணீரில் அலசினார். நீலம் போய்விட்டது, ஊதா போய்விட்டது, தேன் நிறம் போய்விட்டது. காசில் இருந்த ஜார்ஜ் மன்னரின் முகம் வெள்ளைவெளேரென்று, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பளபளப்பு இருக்கிறதா என்றால் இருந்தது. ஆனால் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை.

ஜைனுதீன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அத்தா பெல்ட்டுல கெடந்து கெடந்து வந்த நிறம்டா அது. வெத்தல, வேர்வ, கடத்தண்ணி எல்லாம் பட்டது."

"நான் சொன்னதாலதான்..."

"நீ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி?" காசை மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டு, "போகட்டும். அத்தா கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. அந்த ரூபாயைக் காகிதத்தில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை.

பாட்டிலை ஆவுடையப்பன்தான் மூடினார். மருந்தைக் கிண்ணத்தோடு கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். வந்து, காந்தி காசை ஜைனுதீன் முன்னால் நகர்த்தினார்.

"இனிமே இது ஒங்கிட்டயே இருக்கட்டும்டா."

"ஏன்?"

"ஒன் வெரலு. ஒன் வீட்டுலயே இருக்கட்டும்."

ஜைனுதீன் அவரை முறைத்தார். "அப்ப நீ எங்கிட்டு வருவ? இதச் சாக்கா வச்சுத்தான வாரே. நான் சவுதியில கெடந்தப்ப, ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீ வந்துட்டுப் போனேன்னு இவ போன்ல சொல்லுவா. நம்ம வீட்டுக்கு நம்ம ஆளு ஒருத்தன் வந்துட்டுப் போறான்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் அங்க படுத்தேன். காசப் பத்தியா நெனச்சேன்? எடுத்துட்டுப் போ. ஒன் முறை இன்னும் இருக்கு."

ஆவுடையப்பன் காசைப் பழையபடி உறையில் போட்டுப் பையில் வைத்தார். உறையை மூடக் கொஞ்சம் நேரமானது. கண் சரியாகத் தெரியவில்லை.

கண்காட்சி அன்று ஜைனுதீனும் அஜீசாவும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அஜீசா நேராகத் திருக்கோகர்ணம் வீட்டுக்கு உண்ணாமலையிடம் போய்விட்டாள். காசு பார்க்கிற வேலை தனக்கு வேண்டாம் என்றாள். மண்டபத்தில் அரவிந்த்குமார் ஓடி வந்து காசை வாங்கிப் பார்த்தான்.

"என்ன சார், கழுவலயா? மருந்து வேலை செய்யலயா?"

"நல்லாவே வேலை செஞ்சுச்சு தம்பி. அதனாலதான் கழுவல."

அவனுக்கு ஏமாற்றம்தான். கறை போகாவிட்டால் இருக்கட்டும் என்று நடு மேசைக்கு வேறொருவரின் காசுகளை ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். காந்தி காசுக்குக் கதவோரம், மின்விசிறிக்குக் கீழே ஒரு இடம் கிடைத்தது. ஆவுடையப்பன் வருத்தப்படுவார் என்று நினைத்து அவனே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான்.

கூட்டம் பெரும்பாலும் நடு மேசையைச் சுற்றித்தான் நின்றது. மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி இருந்தாள். காந்தி காசின் முன் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல காசுங்க. யாரோ தொட்டுக் கெடுத்துட்டாங்க போலருக்கே" என்றாள்.

ஆவுடையப்பன் வாயைத் திறப்பதற்குள் ஜைனுதீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தாம்மா தொட்டேன். காலேஜ் படிக்கிறப்ப."

அவள் அவரையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். "அப்ப நீங்க எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டாள். ஜைனுதீன் சொல்லத் தொடங்கினார். மன்னர் கல்லூரி, சரித்திர வகுப்பு, காரைக்குடி வேப்ப மரம், எல்லாம். இடையிடையே ஆவுடையப்பன் திருத்தினார். அது வேப்ப மரமில்லை, புளிய மரம் என்றார். வேம்புதான் என்றார் ஜைனுதீன். நிழலில் நின்றது எனக்குத் தெரியாதா என்றார் ஆவுடையப்பன். அந்தப் பெண் நகர்ந்துபோன பிறகும் இருவரும் விடவில்லை. காரைக்குடிக்கே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது.